மூன்றாண்டுத் தவணை

கிரனாடாவைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் அல்ஹம்ரா மாளிகையிலே தொடங்கி அம்மாளிகையிலேயே முடித்துவிடுகின்றனர். நிலவொளி, நீரூற்று, மல்லிகை மணம், நாடிழந்த மன்னனின் பெருமூச்சு ஆகிய இவை போதுமென அவர்கள் எண்ணுகின்றனர். பிரயாண முகவர்களின் வண்ணப் பிரசுரங்களும் இதே சரக்கையே விற்கின்றன. ஆயின் ஒரு நகரின் வரலாறு அதன் அரசர் துயின்ற அறைகளில் மட்டும் அடங்கிக் கிடப்பதில்லை. தென் ஸ்பெயினிலுள்ள அந்த நகரில் எம் உள்ளத்தை விட்டகலாது நின்றது ஒரு மாளிகையன்று, ஒரு விண்ணப்பம். அதனை எழுதியவர் ஒரு முதியவர். எழுதிய ஆண்டு 1567. அவர் கேட்டவற்றுள் தலையாயது, தம் மக்கள் தம் தாய்மொழியைத் தொடர்ந்து பேசுவதற்கான அனுமதி.

பாரிஸில் வாழும் எம் தமக்கையாரைக் காணச் சென்றிருந்த விடுமுறையில் நான்கு நாட்களைக் கிரனாடாவுக்கென ஒதுக்கிக்கொண்டோம். பெறாமகளும் உடன் வந்தாள். பதினேழு வயதுப் பெண். பாடசாலையிலே ஸ்பானியம் கற்கிறாள். ஞாயிறு தோறும் தமிழ்ப் பள்ளிக்கும் அனுப்பப்படுகிறாள், சில வேளை விருப்பத்தோடு, பல வேளை தாயின் வற்புறுத்தலால். எமக்கு மொழிபெயர்த்துதவியவள் அவளே.

அல்ஹம்ராவை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. 1238இல் முதலாம் முஹம்மது அக்குன்றின் மேற் கட்டத் தொடங்கியது முதல் ஏறக்குறைய இரண்டரை நூற்றாண்டுகள் நஸ்ரித் அரசவம்சத்தினர் அங்கிருந்து ஆண்டனர். பளிங்குத் தூண்களையும் சிங்க முற்றத்தையும் கண்டு வியக்காதவர் இருக்கமுடியாது. இன்னும் வியப்புக்குரியது, அம்மாளிகையின் பெரும்பகுதி விலையுயர்ந்த பொருள்களால் ஆனதன்று என்பதே. இடித்து இறுக்கிய மண், சாந்து, மரம், சுட்ட ஓடு ஆகிய எளிய பொருள்களை உழைப்பாளியின் கைத்திறன் அவ்வாறு மாற்றிவிட்டது. சுவரெங்கும் அரசவம்சத்தின் முத்திரை வாசகம். இறைவனையன்றி வெற்றியாளன் வேறில்லை என்பது அதன் பொருள். அந்தச் சாந்தைக் குழைத்தவரின் பெயர் ஓரிடத்திலும் எம் கண்ணிற் படவில்லை.

நிலப்பிரபுத்துவ அரசு எங்கும் நிலப்பிரபுத்துவ அரசே. இதனை மறந்து, இஸ்லாமிய ஸ்பெயினைப் பொற்காலமென்று மட்டும் பாடுவோருடன் நாம் உடன்படுவதற்கில்லை. முதலாம் முஹம்மது காஸ்தீல் மன்னனுக்குத் திறை செலுத்தியவர்; 1248இல் அம்மன்னன் செவில் நகரை முஸ்லிம்களிடமிருந்து கைப்பற்றியபோது அவனுக்கு உதவியாகக் குதிரைப் படை அனுப்பியவர். திறைப்பணம் குடியானவனின் வரியிலிருந்தே வந்தது. குன்றின்மேல் நிலவறைகளில் கிறிஸ்தவக் கைதிகள் அடைபட்டுக் கிடந்தனர். சிங்கங்கள் சுமக்கும் நீர்த்தொட்டியில் இப்னு ஸம்ரக் என்னும் கவிஞரின் பாடல் பொறிக்கப்பட்டுள்ளது. அவருடைய ஆசிரியர் இப்னுல் கதீப், அமைச்சர், வரலாற்றாசிரியர், மருத்துவர். 1348ஆம் ஆண்டையொட்டிப் பெருங்கொள்ளைநோய் பரவியபோது, நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுகிறது என்பதை அநுபவமே நிரூபிக்கின்றதென மரபுவாதிகளின் மறுப்பைப் பொருட்படுத்தாது எழுதிய துணிவாளர். அத்தகையவர் மீது மத விரோதக் குற்றம் சாட்டப்பட்டது. அவருடைய நூல்கள் கிரனாடாவில் எரிக்கப்பட்டன. 1374இல் மொரோக்கோவின் பாஸ் நகரச் சிறையில் அவர் கழுத்து நெரிக்கப்பட்டு மாண்டார். அவருக்கெதிரான விசாரணைக்காக அங்கு அனுப்பப்பட்டவர் அவருடைய மாணாக்கரான அதே இப்னு ஸம்ரக். நண்பர் இப்னு கல்தூன் காப்பாற்ற முயன்றும் பலிக்கவில்லை. பின்னர் இப்னு ஸம்ரக்கும் கொலையுண்டார். நீர்த்தொட்டியைச் சுற்றி நின்று புகைப்படம் எடுத்துக்கொள்வோருக்கு இந்தக் கதையையும் யாராவது சொன்னால் நல்லது.

இனி, விண்ணப்பத்துக்கு வருவோம். அதன் வேர் 1491 நவம்பர் 25ஆம் நாள் கைச்சாத்தான ஓர் உடன்படிக்கையில் இருக்கிறது. முற்றுகைக்குள்ளான கிரனாடா, இசபெல்லா, பேர்டினண்ட் என்னும் அரச தம்பதியிடம் சரணடைய இசைந்தது. அதற்கு ஈடாக முஸ்லிம் மக்களுக்கு எழுத்து மூலம் உறுதிகள் வழங்கப்பட்டன: பள்ளிவாசல்கள் அவர்கள் கையிலேயே இருக்கும், வழக்குகள் அவர்களுடைய சட்டப்படியே தீர்க்கப்படும், எவரும் மதம் மாறுமாறு வற்புறுத்தப்படமாட்டார், நிலபுலன்கள் பறிக்கப்படமாட்டா. 1492 ஜனவரி 2ஆம் நாள் நகரம் கையளிக்கப்பட்டது. அவ்வாண்டு மார்ச் 31ஆம் நாளே யூதர்களை நாடு கடத்தும் ஆணையில் அதே நகரிலிருந்து அதே கைகள் ஒப்பமிட்டன. அவ்வாண்டிலேயே நெப்ரிஹா என்னும் அறிஞர் முதலாவது காஸ்தீலிய இலக்கண நூலை அச்சிட்டு அரசிக்குக் காணிக்கையாக்கினார். மொழி என்றும் பேரரசின் துணையாகவே இருந்து வந்துள்ளதென அதன் முன்னுரையில் அவர் கூறினார். இலக்கண ஆசிரியர்கள் அரசியல் அறியாதவர்களென எவரும் எண்ணிவிடலாகாது!

முதல் பேராயர் தலவேரா ஓரளவு நேர்மையாளர். மதமாற்றமே அவர் நோக்கமெனினும் வாளினால் அன்று, சொல்லினால் அதனை நிறைவேற்ற விரும்பினார். தம் குருமாரை அரபு கற்கச் செய்தார். பேத்ரோ தெ அல்கலா என்ற துறவி இயற்றிய அரபு இலக்கணமும் சொற்றொகுதியும் 1505இல் கிரனாடாவிலேயே அச்சேறின. ஆனால் அதற்கு முன்பே, 1499இல், சிஸ்னேரோஸ் என்னும் மற்றொரு பேராயர் வந்துசேர்ந்துவிட்டார். கூட்டங்கூட்டமாகத் திருமுழுக்கு நடந்தது. அல்பைசின் குன்றில் வாழ்ந்த மக்கள் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி செய்ததால் உடன்படிக்கை செல்லாது என்றனர் ஆட்சியாளர். ஒப்பந்தத்தை மீறியவனே, மீறலை எதிர்த்தவன்மேல் மீறற் குற்றம் சாட்டுவது உலக வரலாற்றில் அதுவே முதன்முறையுமன்று, கடைசி முறையுமன்று. 1502இல் மதம் மாறு அல்லது வெளியேறு என்ற ஆணை வந்தது. மாறியோர் மொரிஸ்கோக்கள் எனப்பட்டனர்.

பிப்-ரம்ப்லா சதுக்கத்தில் இன்று பூக்கடைகளும் உணவு விடுதிகளும் உள்ளன. அங்கேதான் அரபு நூல்கள் குவித்து எரிக்கப்பட்டன. எத்தனை நூல்கள் என்பதில் வரலாற்றாசிரியர் கூறும் தொகைகள் ஆயிரங்களிலிருந்து இலட்சங்கள் வரை வேறுபடுகின்றன. 1349இல் முதலாம் யூசுப் நிறுவிய மத்ரஸாவின் நூலகமும் இத்தீக்கு இரையாயிற்று. மருத்துவ நூல்கள் மட்டும் விலக்கி வைக்கப்பட்டன. காய்ச்சல் எல்லா மதத்தவருக்கும் வருமன்றோ! யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்த கதையைக் கேட்டு வளர்ந்த எமக்கு அச்சதுக்கத்தில் அமர்ந்து கோப்பி அருந்த மனம் வரவில்லை.

1526இல் ஐந்தாம் சார்ள்ஸ் கிரனாடாவுக்கு வந்திருந்த வேளையில் அரபு மொழியையும் மொரிஸ்கோக்களின் உடையையும் தடை செய்யும் விதிகள் வகுக்கப்பட்டன. மொரிஸ்கோக்கள் பெருந்தொகைப் பணம் செலுத்தி அவற்றை நாற்பது ஆண்டுகளுக்கு நிறுத்திவைக்கச் செய்தனர். தாய்மொழியைப் பேசுவதற்குக் குத்தகைப் பணம்! குத்தகைக் காலம் முடிந்தது. 1567 ஜனவரி முதல் நாள் இரண்டாம் பிலிப் மன்னரின் சட்டம் கிரனாடாவில் பறையறைவிக்கப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்குள் எல்லாரும் காஸ்தீலிய மொழியைக் கற்றுக்கொள்ளவேண்டும். அதன்பின் வெளியிலோ வீட்டிலோ அரபு மொழியைப் பேசுதலும் படித்தலும் எழுதுதலும் குற்றம். அரபு மொழியில் எழுதப்படும் உறுதிகள் செல்லா. உடை, பெயர், பாட்டு, கூத்து, குளிப்பு எல்லாவற்றுக்கும் தடை. டாரோ நதிக்கரையில் பதினொராம் நூற்றாண்டுக் குளிப்பு மண்டபம் ஒன்று இன்றும் இருக்கிறது. பிற்காலத்தில் அது துணி துவைக்கும் இடமாக மாறியதனாலேதான் இடிபடாது தப்பிற்று.

இந்தச் சட்டத்துக்கெதிராகவே பிரான்சிஸ்கோ நூனியெஸ் முலே தமது விண்ணப்பத்தை எழுதினார். மொரிஸ்கோப் பிரபு குலத்தவர். இளமையில் பேராயர் தலவேராவின் ஏவலராயிருந்தவர். கிரனாடாவின் அரச நீதிமன்றத் தலைவர் பேத்ரோ தெ தேசாவிடம் அதனைச் சமர்ப்பித்தார். அந்நீதிமன்றக் கட்டடம் புதிய சதுக்கத்தில் நிற்கிறது. இன்று நாம் காணும் முகப்பு 1587இல் முற்றுப்பெற்றது, எனவே முதியவர் அதனைக் கண்டிருக்கமாட்டார். இன்றும் அங்கே நீதிமன்றம் நடக்கிறது. அதன் எதிரே ஒரு கல்லிருக்கையில் அமர்ந்து, அவ்விண்ணப்பத்தின் சாரத்தைப் பெறாமகளுக்குச் சொன்னோம்.

அவர் அழுது கெஞ்சவில்லை, வாதிட்டார். உடை மதமன்று, அது வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுவது. காஸ்தீலியரும் தம்முள் ஒரே வகையாக உடுப்பதில்லை என்றார். புதிய உடை வாங்க ஏழைப் பெண்கள் பணத்துக்கு எங்கே போவர் என வினவினார். எமது இசையும் கூத்தும் வழிபாடல்ல. நல்ல பேராயர் தலவேரா அவற்றைத் தேவாலயத் திருவிழாவிலே அனுமதித்தார், அதற்கு யானே சாட்சி என்றார். பின்னர் மொழிக்கு வந்தார். அரபு முஸ்லிம்களின் மொழியென்று யார் சொன்னார்? கிழக்கிலே சிரியாவிலும் எகிப்திலும் வாழும் கிறிஸ்தவர்கள் அரபு பேசவில்லையா? மோல்ற்றாத் தீவினர் கிறிஸ்தவரல்லரா, அவர்கள் பேச்சு அரபைச் சார்ந்ததன்றா? மொழிக்கும் மதத்துக்கும் முடிச்சுப் போடுவது ஏன்? வயது முதிர்ந்தோரும் மலைக்கிராமத்துக் குடியானவரும் மூன்றாண்டில் ஒரு மொழியை விட்டு இன்னொரு மொழிக்கு மாறுதல் எங்ஙனம் கூடும்?

நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன், மொழிநூல் ஒரு துறையாக உருவாகுமுன், மொழியும் மதமும் இனமும் ஒன்றல்ல என்று ஒரு முதியவர் இவ்வளவு தெளிவாக எழுதினார். பல்கலைக்கழகத்தில் மொழியியல் வகுப்பில் அமர்ந்திருந்த காலத்தில் இவர் பெயரை எமக்கு எவரும் சொன்னதில்லை. மாசு மறுவற்ற மனிதரென்று அவரைக் கொள்ளவேண்டாம். ஆபிரிக்காவிலிருந்து கொணரப்பட்ட கறுப்பின அடிமைகளை இழிந்தோராகச் சுட்டி, அவர்களுக்கே ஆடல் பாடல் அனுமதிக்கப்படும்போது எமக்கு மறுக்கலாமா என்று கேட்டவரும் அவரே. ஒடுக்கப்பட்டவன் தனக்குக் கீழே இன்னொருவனைத் தேடும் இந்த நோய் மிகப் பழையது.

“மூன்று வருசத்திலை மறக்கச் சொன்னா மறக்கலாமோ, சின்னம்மா?” என்று கேட்டாள் பிள்ளை. 1956ஆம் ஆண்டின் பின், எம் பாட்டனார் தலைமுறையைச் சேர்ந்த எழுதுவினைஞர்கள் நரைத்த தலையோடு சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குப் படித்த கதையை அவளுக்குச் சொன்னோம்.

தேசா இசையவில்லை. 1568 டிசம்பரில் அல்புஹாராஸ் மலைநாடு எழுந்தது. மொழித்தடை மட்டும் அதற்குக் காரணமென்று கூறுவது வரலாற்றை எளிதாக்குவதாகும். பட்டுத்தொழில் மொரிஸ்கோக்களின் கையில் இருந்தது. அதன்மீது வரி ஏறிக்கொண்டே சென்றது. நில உரிமையை நிரூபிக்குமாறு அதிகாரிகள் அலைக்கழித்தனர். உறுதி காட்டமுடியாதவரின் நிலம் பறிபோயிற்று. அவ்வாறிருக்க, அரபு உறுதிகளுக்குக் காலக்கெடு விதித்தால் அதன் பொருள் என்ன? மொழிச் சட்டம் பல வேளைகளில் காணிச் சட்டத்தின் முகமூடியாகவே வருகிறது. இருதரப்பிலும் கொடுமைகள் நிகழ்ந்த அப்போர் ஈராண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1570 நவம்பரில் குறைந்தது 50,000 மொரிஸ்கோக்கள் கட்டுக் காவலில் காஸ்தீலுக்கு நடத்திச் செல்லப்பட்டனர். குளிரிலும் நோயிலும் வழியில் மாண்டோர் பலர். 1609 முதல் 1614 வரை ஸ்பெயின் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 300,000 பேர் கப்பலேற்றப்பட்டனர். அவர்களிற் பலர் அக்காலத்தில் காஸ்தீலியம் மட்டுமே பேசினர். மொழியைக் கைவிட்டமை அவர்களைக் காக்கவில்லை.

இடையிலே ஒரு விசித்திரம். 1595ஆம் ஆண்டு தொடக்கம் சக்ரோமொந்தே என்னும் குன்றில் ஈயத் தகடுகளாலான நூல்கள் அகப்பட்டன. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்தவையென்றும், அந்நகரின் முதற் கிறிஸ்தவப் புனிதரே அரபியர் என்றும் அவை கூறின. எழுதப்பட்ட மொழியோ அரபு! தேவாலயத்தார் பூரித்துப்போயினர்; அங்கே ஒரு மடாலயமே எழுந்தது. அல்ஹம்ராவின் கல்வெட்டுகளை மொழிபெயர்த்த அலோன்சோ தெல் காஸ்தியோவும், மிகேல் தெ லூனாவும் சேர்ந்து செய்த மோசடியென்று இன்று ஆய்வாளர் பலரும் கருதுகின்றனர். இருவரும் மொரிஸ்கோக்கள்; அரசரின் மொழிபெயர்ப்பாளர்கள். அரபு கிறிஸ்தவரின் மொழியுமே என்று நாட்டிவிட்டால் மொழியும் மக்களும் தப்பிவிடலாமென அவர்கள் எண்ணினர் போலும். 1682இல் பாப்பரசர் அந்நூல்களைப் போலியென நிராகரித்தார். வத்திக்கானில் கிடந்த தகடுகள் 2000ஆம் ஆண்டில் கிரனாடாவுக்குத் திரும்பின. இலக்கிய மோசடிகளை நாம் பொதுவாக வெறுப்பவர்கள். இந்த மோசடிக்காரரின் கையைப் பற்றிக் குலுக்க ஆசையுண்டு.

தடை செய்யப்பட்ட மொழி எங்கே போயிற்று? காஸ்தீலிய மொழியினுள்ளேயே புகுந்துகொண்டது. வாய்க்காலை அவர்கள் ‘அசேக்கியா’ என்கின்றனர், எண்ணெயை ‘அசெய்த்தே’, கொத்தனை ‘அல்பனியீல்’, தலையணையை ‘அல்மொஆதா’. எல்லாம் அரபு. ‘ஆகக்கூடாதா’ என்று ஏங்கும்போது ‘ஓஹலா’ என்கின்றனர். அதனுள்ளே அல்லாஹ்வின் பெயர் ஒளிந்திருக்கிறது. ஜனவரி 2ஆம் நாள் தோறும் நகர மண்டபத்தில் கொடியசைத்து 1492இன் வெற்றியை இன்றும் கொண்டாடுகின்றனர். முற்போக்காளர் அதனை எதிர்த்துக் குரலெழுப்புகின்றனர். அவ்விழா நடக்கும் நகரின் முதல்வருக்குப் பதவிப்பெயர் ‘அல்கால்தே’. ‘அல் காழி’ என்னும் அரபுச் சொல்லின் திரிபு அது. தெருவோரத் தோடை மரங்களைக் காட்டி ‘நரன்ஹா’ என்றாள் பெறாமகள். அரபு நாரஞ்ச், பாரசீக நாரங், வடமொழி நாரங்க. அதற்கப்பால் திராவிட மூலத்தைத் தேடும் அறிஞரும் உளர், எம் நாரத்தை அங்கே நிற்கிறது. தமிழ் படித்தவர்களுக்கு எங்கு சென்றாலும் இந்தச் சபலம் விடுவதில்லை.

இன்னொரு சொல் எம்மை அவ்வளவு எளிதாக விடவில்லை. ‘மோரோ’. ஐபீரிய நாட்டார் தம் முஸ்லிம் பகைவருக்கு இட்ட பெயர் அது. போர்த்துக்கேயர் அதனைக் கப்பலில் ஏற்றி எமது தீவுக்குக் கொண்டுவந்து இங்கு கண்ட முஸ்லிம்களுக்கும் சூட்டினர். நாம் சோனகர் என்போரை ஆங்கில அரசாங்கப் பத்திரங்கள் இன்றுவரை ‘மூர்’ என்றே எழுதுகின்றன. முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட ஒரு நகரின் தெருக்களில் நடந்து, பொல்லாத காஸ்தீலியரென நாம் முணுமுணுத்துக்கொண்டிருந்தவேளை இச்சொல் குறுக்கிட்டது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளின் கட்டளைப்படி வட மாகாணத்திலிருந்து 70,000க்கும் அதிகமான முஸ்லிம்கள் துரத்தப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்தாருக்கு ஒக்டோபர் 30ஆம் நாள் வழங்கப்பட்ட தவணை இரண்டு மணி நேரம். அவர்கள் பேசியது தமிழ். நாம் அந்நாளில் நடை பயிலும் குழந்தை. எமக்குக் கற்பித்த பாடநூல்களில் அது இருக்கவில்லை. எமது மொழிக்கு இழைக்கப்பட்ட அநீதியை உரத்துப் பேசும் மேடைகளில் அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி எத்தனை பேர் பேசுகின்றனர்?

மாலையில் அல்பைசின் ஏறினோம். 1936 ஜூலையில் பாசிஸ்டுகள் கிரனாடாவைக் கைப்பற்றியபோது, போதிய ஆயுதமின்றிச் சில நாட்கள் எதிர்த்து நின்ற தொழிலாளர் குடியிருப்பு அது. முஸ்லிம் அரசர் காலத்தில் அக்குன்றுக்கு நீர் கொணர்ந்த வாய்க்கால் அல்பாகார் ஊற்றிலிருந்து வருவது. அவ்வூற்றின் அயலிலேதான் 1936 ஆகஸ்டில் கவிஞர் கார்சியா லோர்கா சுட்டுக் கொல்லப்பட்டார். 1492இன் வெற்றி ஓர் உயர்ந்த நாகரிகத்தின் அழிவென்று அதற்கு இரு மாதங்களுக்கு முன்னர்தான் அவர் பகிரங்கமாகக் கூறியிருந்தார். அவருடன் கொல்லப்பட்டவருள் தியோஸ்கோரோ கலிந்தோ என்ற கிராமப் பாடசாலை ஆசிரியரும் ஒருவர். ஒரு கால் இழந்தவர். கவிஞரின் பெயர் இன்று விமான நிலையத்துக்கு இடப்பட்டிருக்கிறது. ஆசிரியரின் பெயரை எம் ஆசிரிய நண்பர்களாவது நினைவில் வைத்திருத்தல் வேண்டும்.

குன்றின் உச்சியில் 2003இல் திறக்கப்பட்ட பள்ளிவாசல் இருக்கிறது. ஐந்து நூற்றாண்டுகளின் பின் அந்நகரில் எழுந்த முதலாவது. அதன் தோட்டத்தில் நின்றால் எதிரே அல்ஹம்ரா தெரியும். இறங்கும் வழியில் ஒரு தேநீர்க் கடை. பரிமாறியவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க மொரோக்கோக்காரர், ஊர் தெத்துவான். கிரனாடாவிலிருந்து சென்ற அகதிகள் பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் மீளக் கட்டிய நகரம் அது. தம் முன்னோரும் கிரனாடாவினரே என்று வீட்டில் சொல்வார்கள், பத்திரம் ஏதுமில்லை என்றார். கொத்தனாக வந்தவர், 2008இல் கட்டடத் தொழில் சரிந்தபோது வேலையிழந்து இங்கு வந்து சேர்ந்தார். 1492இல் துரத்தப்பட்ட யூதரின் வழித்தோன்றல்களுக்குக் குடியுரிமை வழங்க ஸ்பெயின் 2015இல் சட்டம் இயற்றியது. அது நல்ல சட்டமே. மொரிஸ்கோக்களின் வழித்தோன்றல்களுக்கு அதில் இடமில்லை. அதைப் பற்றிக் கேட்டபோது அவர் தோளைக் குலுக்கினார். தெருவில் தம்மை ‘மோரோ’ என அழைப்போர் உண்டு, அதற்குப் பழகிவிட்டதென்றார்.

மூத்த மகளைப் பற்றிப் பேசுகையில்தான் அவர் முகம் மலர்ந்தது. இங்கேயே பிறந்தவள்; வீட்டில் அரபு பேசுவாள், எழுதத் தெரியாது; கற்பிக்கத் தமக்கு நேரம் கிடைக்கவில்லை. இப்போது கிரனாடாப் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு படிக்கிறாள். எடுத்திருக்கும் பாடம் அரபு. இரவில் தமக்கு வரும் கடிதங்களை அவளே உரக்க வாசித்துக் காட்டுகிறாள் என்றும், சில எழுத்துகளில் இன்னும் தடுக்குகிறாள் என்றும் சொன்னார்.